நடு ஆற்றில் நான்கு மாதம்

"டிராகனுக்குச் சளி பிடிக்காதுங்க. நூத்திநாலாம் பக்கம் எடுத்துப் பாருங்க. நெருப்பு கக்குற தொண்டையில சளி எப்படிங்க நிக்கும்?"

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் முழங்காலிட்டு உட்கார்ந்தபடி இதைப் போனில் பதிந்து அனுப்பினார் அவர். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டு, கம்பிக் கயிற்றைப் பழைய துணியால் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டு வந்தார். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி அதில் மாட்டும். மாட்டவில்லை. மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த கட்டட மேலாளர், "யாருக்கு சார் சளி?" என்று அக்கறையாகக் கேட்டார். "டிராகனுக்கு" என்றார் இவர். மேலாளர் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டிராகனை இரும வைத்து ஒரு தலைநகரத்தையே கொளுத்தலாம் என்று காலையிலிருந்து ஆசையாகக் காத்திருந்த யாரோ ஒருவரின் கனவு அதோடு போயிற்று.

வயது ஐம்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போது லிஃப்ட் பரிசோதகர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா: கறுப்பு லிஃப்டுக்கு, நீலம் வீட்டுக்கு, பச்சை நாட்டுக்கு. எந்த லிஃப்டுக்குள் நுழைந்தாலும் உள்ளே ஒட்டியிருக்கும் 'எட்டு நபர்கள்' தகட்டை உதடசையப் படித்துவிட்டுத் தலைகளை எண்ணுவார். ஒருமுறை மச்சினர் வீட்டுக்குப் போனபோது ஒன்பதாவது தலை தன்னுடையதாகவே இருந்துவிட்டது. மனுஷர் இறங்கி ஏழு மாடி ஏறியே போனார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரிடம் மச்சினர் கோபித்துக்கொண்டதற்கு, "எட்டுன்னா எட்டுதான் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

பச்சைப் பேனாவின் நாடு எது என்றால், அது போனுக்குள் இருக்கிறது. ஏழுகோட்டை நாடு. முகம் பார்த்திராத முப்பத்துநாலு பேர் ஒரு குரூப்பில் கூடி, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் வாளை உருவினேன்", "நான் மதில்மேல் ஏறினேன்" என்று எழுதி எழுதியே எட்டு வருடமாக நடத்துகிற ராஜ்யம். இதில் கோட்டைகள் ஆறுதான். ஏழாவது எங்கே என்று இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நம்மவர். அவருக்கு அங்கே வேடம் கிடையாது. வாளும் கிடையாது, குடிசையும் கிடையாது. எது அந்த நாட்டில் நடக்கும், எது நடக்காது என்று சொல்வதே உத்தியோகம். ஆகவே அவருக்கு வைத்த பெயர் 'சாசனம்'. முதலில் கேலியாக வைத்தார்கள்; அவர் அதையே கையெழுத்தாகப் போட ஆரம்பித்ததும் கேலி செய்ய வழியில்லாமல் போய்விட்டது.

நாட்டின் சரித்திரம் முழுவதும் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு, வேலைப் பையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். குரூப்பில் இதற்குப் பெயர் 'பெரிய ஃபைல்'. யார் எதை எழுதினாலும் அடியில் பக்க எண் போட வேண்டும். மழை பெய்ய வேண்டுமா? பக்க எண். ராணிக்குக் கோபம் வர வேண்டுமா? அதற்கும் பக்க எண். ஓட்டுநர் பள்ளி வாத்தியார் ஒருவர் குதிரைத் திருடன் வேடம் எடுத்திருக்கிறார். ஆனால் ஃபைலில் குதிரை என்கிற பிராணி எங்குமே இல்லை. மனு போட்டிருக்கிறார், மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருக்கிறது. "திருடன் ரெடி சார், சரக்குதான் வரல" என்று அவர் வாரம் ஒருமுறை நினைவூட்டுவார்.

இத்தனைக்கும் மேலே ஒரே ஒரு சட்டம் உண்டு. எழுதியது எழுதியதுதான். முத்திரை விழுந்த வரியை யாரும் அழிக்கக் கூடாது, சாசனமே ஆனாலும்.

வீட்டில் நிலவரம் வேறு. அவர் மனைவி முதுகுவலி, தோள்வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வளையாதவர்களை வளைப்பதுதான் தொழில். "வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேளுங்க, முழிப்பாரு. அந்த நாட்டுல எத்தனை உப்பளம்னு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவாரு" என்பாள். பதினொன்று என்று அவர் பக்கத்திலிருந்து திருத்தமாகச் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் படகு வந்து வாய்த்தது.

நான்கு மாதம் முன்பு பதினொரு பேர் ஒரு படகில் ஏறி ஆற்றில் இறங்கினார்கள். துடுப்புப் போடுகிறவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். குரூப்பின் முதல் நாளிலிருந்து இருப்பவள். எல்லோருக்கும் அவள் படகுக்காரம்மா. நடு ஆற்றுக்கு வந்ததும் குதிரைத் திருடன் தொழில் புத்தியில் ஒரு கேள்வி கேட்டான்: "ஆமா, ஆறு கிழக்கால ஓடுதா, மேற்கால ஓடுதா? கடல் எந்தத் திசைன்னு தெரிஞ்சாத்தானே வளைக்க முடியும்?"

சாசனம் ஃபைலைப் புரட்டினார். முப்பத்தெட்டாம் பக்கம்: ஆறு கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. சரி. பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்சம் புரட்டினார். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்: ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று, கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்து இளவரசி அழுதாள். கிழக்குக் கடலில் சூரியன் எப்படி ஐயா இறங்கும்? இரண்டு பக்கத்திலும் பச்சை மையில் அவர் முத்திரை. அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

'தீர்ப்பு வரும்வரை படகு நிற்கவும்' என்று உத்தரவு போட்டார். படகு நின்றது. நான்கு மாதம் நின்றது.

நின்ற படகில் மனிதர்கள் என்னதான் செய்வார்கள்? இரண்டு சிப்பாய்கள் சண்டை போட்டுச் சமாதானமாகி மறுபடியும் சண்டை போட்டார்கள். சமையற்காரனும் ஒரு ஒற்றர்ப் பெண்ணும் காதலித்துக் கல்யாணமே செய்துகொண்டார்கள். கல்யாணம் முடிந்து யாரும் வீட்டுக்குப் போக வழியில்லை. மணமக்கள் உட்பட எல்லோரும் அதே பலகையில் அப்படியே உட்கார்ந்தார்கள். பசி என்று மனு வந்தது. ஆற்றில் மீன் உண்டு என்று எந்தப் பக்கத்திலும் இல்லாததால், 'வலை வீசலாம், ஆனால் எதுவும் சிக்கக் கூடாது' என்று தீர்ப்பானது. பதினொரு பேரும் பொறுப்பாக வலை வீசி வெறும் வலையை இழுத்தார்கள்.

சாசனம் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. திசைகாட்டி வாங்கினார். சமையலறைத் தரையில் மாவால் மலை கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் கிழக்கும் போகவில்லை, மேற்கும் போகவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் போயிற்று. மனைவி துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அழிச்சுட்டு ஒண்ணை மாத்தி எழுதினா என்னவாம்? குடியா முழுகிடும்?" என்றாள்.

குடிதான் முழுகும் என்று அவருக்குத் தோன்றியது. முன்னுரையும் சட்டதிட்டங்களும் போக, முப்பத்தெட்டாம் பக்கத்து வரிதான் அந்த நாட்டின் முதல் வரி. அன்று அந்த ஆற்றைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. ஆற்றை வைத்துத்தான் மலை, மலையை வைத்துத்தான் கோட்டை. சரி, இளவரசியைத் திருத்தலாம் என்றால், அதை எழுதியது படகுக்காரம்மா. அவளுடைய அப்பா இறந்த வாரத்தில் எழுதினாள். ஒரு வார்த்தை அப்பாவைப் பற்றி இல்லை; சூரியன் இறங்குகிறது, ஒரு பெண் நின்று அழுகிறாள், அவ்வளவுதான். குரூப்பில் அன்று முழுக்க ஒருவரும் வாள் உருவவில்லை. அதன்மேல் போய் எப்படிக் கோடு போடுவது? போடச் சொல்லி அவளிடம் எப்படிக் கேட்பது? அவர் கேட்கவில்லை. தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதற்குள் பதினேழு பேர் கழன்றுகொண்டார்கள். எதிரே புதிதாக ஒரு குரூப் முளைத்திருந்தது. அங்கே சட்டமே கிடையாது. சாசனம் வேறு பெயரில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். யாரோ நிலாவைக் கழற்றிவிட்டு டியூப்லைட் மாட்டியிருந்தார்கள். காலையில் தலை போன ராஜா மத்தியானம் அதே தலையோடு நடனமாடிக்கொண்டிருந்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததாகவே தெரியவில்லை.

இன்று லிஃப்ட் கூரைமேல் இருந்து இறங்கி, அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் படகுக்காரம்மா போன் செய்தாள். பின்னால் பல் ராவும் சத்தம் கேட்டது.

"சாசனம் சார், இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள படகு நகரலைன்னா நாங்க பதினொரு பேரும் அந்த குரூப்புக்குப் போறோம்."

"அங்க செத்தவன் மறுவேளையே டான்ஸ் ஆடுறான்மா."

"தெரியும். பார்த்தேன். எனக்குப் பிடிக்கல. அங்க யாரு செத்தாலும் யாரும் அழப்போறதில்ல." வந்த நோயாளி ஒருவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "ஆனா இங்க உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு சார். எட்டு வருஷத்துல உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

"ரெண்டு பக்கமுமே உண்மைம்மா. அதான் சிக்கல்."

"உண்மையா இருந்துட்டுப் போகட்டும். படகு என்ன பாவம் பண்ணிச்சு?"

போனை வைத்த பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை. பதினொரு பேரும் போய்விட்டால், மீதமிருக்கும் ஆறு பேரில் நால்வர் போன வருடத்திலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. எட்டு வருடத்து நாடு, கோட்டையும் உப்பளமுமாக, வெறும் காகிதக் கட்டாக அவர் பையில் கிடக்கும். பயமாகத்தான் இருந்தது. டப்பாவை மூடினார்.

மூடிய நேரத்தில்தான் கட்டடத்தின் இரண்டாவது லிஃப்ட் 'டக்'கென்று நின்றது. நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே. உள்ளே ஏழு பேர்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் புகார்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "சார், கதவு கோளாறா, மோட்டார் கோளாறா? ரெண்டும் வேற வேற கம்பெனி. யார் மேல தப்புன்னு முதல்ல எழுதிக் குடுங்க. அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்."

சாசனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதல்ல ஆளை வெளிய எடுப்போம் சார்! காரணம் எங்கயும் ஓடிப்போயிடாது. உள்ள ஏழு உசுரு நிக்குது, நீங்க புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறீங்களே, நல்லா இருக்கா இது?"

சொல்லிவிட்டு, மேலாளரின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். தன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மாடியேறி மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை அணைத்து, பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், கயிற்றின் இரு முனையிலும் தொங்கும் பெட்டி, எதிர் எடை இரண்டில் எது கனமோ அது இறங்கும், லிஃப்ட் நகரும்.

கூண்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "தம்பி, மேல போறோமா, கீழ போறோமா?"

"கதவு இருக்குற இடத்துக்குப் போறோம் ஐயா!" என்று இவர் திரும்பக் கத்தினார்.

மூன்றாம் மாடிக் கதவு வந்தது. ஏழு பேரும் இறங்கினார்கள். மேலே போனோமா, கீழே வந்தோமா என்று ஒருவரும் நின்று விசாரிக்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய ஃபைல் திறந்தபடி கிடந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு ஸ்பூன், இருநூற்றுப் பதினொன்றில் ஒரு ஸ்பூன். பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். இரண்டு ஸ்பூனையும் எடுத்துவிட்டு ஃபைலை மூடினார். எந்த வரியிலும் கை வைக்கவில்லை. பிறகு போனை எடுத்து, எட்டு வருடத்தில் முதல்முறையாகத் தீர்ப்பாக இல்லாமல் கதையாக ஒரு வரி எழுதினார்:

'படகு நகர்ந்தது.'

அடியில் பக்க எண் இல்லை.

படகுக்காரம்மா எழுதினாள்: 'எத்தனாவது பக்கம் சார்?'

'இன்னும் எழுதல. துடுப்பு உங்க கையிலதானே இருக்கு' என்று பதில் போட்டார்.

அப்புறம் போன் மேசையில் நிற்கவில்லை. துள்ளித் துள்ளி ஓரத்துக்கே போய்விட்டது. சிப்பாய்கள் எழுந்து நின்று கால் உதறினார்கள். கல்யாண ஜோடி கண்ணீர் விட்டது. குதிரைத் திருடன், 'கரையில நாலு காலோட ஏதோ நிக்குற மாதிரி தெரியுதே?' என்று மெதுவாக ஆழம் பார்த்தான். சாசனத்தின் கட்டைவிரல் 'அனுமதி இல்லை' என்பதில் முதல் எழுத்துவரை போயிற்று. அதை அழித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார், கண்ணையும் கூடத்தான்.

மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதம் இந்த ஆற்றோடு குடித்தனம் செய்தவள். கேட்க உரிமை உண்டு.

"எல்லாம் சரிங்க. ஆறு கடைசியில எந்தத் திசையிலதான் ஓடுது?"

அவர் வலது கையைத் தூக்கினார். சுட்டுவிரலை நீட்டினார். நீட்டிய விரல் காற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு அதை மடக்காமலே கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துகொண்டார்.