நண்டு ரசம் கொதித்த கொட்டகை

நேற்று நீடாமங்கலத்தில் ஒரு ஓட்டலைத் தாண்டும்போது வயல் நண்டு ரசத்தின் வாசனை வந்தது. நண்டு தின்கிற ஜனம் என்று எங்களை ஏளனம் செய்த ஊர்தான் இன்று அதை வரிசையில் நின்று குடிக்கிறது. எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்ததும் எங்கள் தெருக்கோடிக் கீற்றுக்கொட்டகைக்குப் போய்விட்டேன்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணையார் எங்கள் தெருவுக்கே வேலையை நிறுத்திய வருஷம் அது. பட்டினி போட்டால் பழைய கூலிக்கே வருவோம் என்று நினைத்தார். அம்மா வீடு வீடாகப் போனாள். என்ன இல்லை என்று கேட்கவில்லை, என்ன தெரியும் என்று கேட்டாள். வளையில் கைவிட்டு நண்டு பிடிக்கத் தெரிந்த சித்தப்பாவும், வரப்பில் எந்தக் கீரையைத் தின்னலாம் என்று தெரிந்த அஞ்சலை அத்தையும், அல்லிக்கிழங்கு தோண்டத் தெரிந்த பிள்ளைகள் நாங்களும் கொண்டுவந்ததெல்லாம் கொட்டகையில் ஒரே அடுப்புக்குப் போக, உரலில் நண்டு இடிபடும் சத்தத்திலும் மிளகு நெடியிலும் ஈரக் கீற்று வாசனையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்து குடிப்போம்.

ஒருநாள் பண்ணையின் காரியக்காரர் வந்து வெளியே நின்றார். "இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்குவீங்க?"

"உட்காருங்க, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா. எங்கள் தெருவில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னாள். அண்டாவைப் பார்த்து அவர் எச்சில் விழுங்கியதைத் தெருவே பார்த்தது. அடுத்த வாரமே, நாங்கள் கேட்ட கூலிக்கு ஒப்புக்கொண்டு பண்ணையார் ஆள் அனுப்பினார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை.

"ரசம் எப்படிங்க?" என்றார் ஓட்டல்காரர்.

"நண்டை மிக்சியில அரைச்சிருக்கீங்க, மிளகும் பத்தாது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டேன்.