சத்தியக் கடதாசியின் மூன்றாம் பந்தி

சனிக்கிழமை காலைகளில் சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு நூலக வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜே.பி., அதாவது சமாதான நீதவான், என்று ஒரு சிறு பலகை, ஒரு பேனா, ஒரு சீல், ஒரு பதிவுக் கொப்பி. சம்பளம் இல்லை. பரிசும் வாங்கக்கூடாது. ஒருவர் அன்போடு கொண்டுவந்த உளுந்து வடையைத் திருப்பி அனுப்பியதிலிருந்து எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர்.

இலங்கையின் வடக்கில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்கத்து டூங்கபியில் மகளோடு வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் நடைமுறை. அதை இங்கே இலவசமாகச் செய்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்திரங்களுக்குக் குசினி மேசையிலேயே, எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வருவார்கள். எனக்கு வேலை குறையட்டும் என்ற நல்லெண்ணம். சத்தியக் கடதாசி என்றால் சாட்சிக்கு முன்னால் வாயால் சத்தியம் செய்து, அதன் பிறகு கையெழுத்து வைப்பது. ஊரில் அப்படி யார் செய்தார்கள்? ஜே.பி. வீட்டு விறாந்தையில் பத்திரத்தைக் கொடுத்தால், பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் சீல் விழுந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கையெழுத்து வைத்தவருக்கும் தெரியாது, குத்தியவருக்கும் தெரியாது. சட்டம் எங்களுக்கு இன்னொரு சோதனைச் சாவடி. கேட்டதைக் காட்டிவிட்டுக் கடந்து போவோம்.

அந்தச் சனிக்கிழமை வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடவே அவருடைய மாமி, மனைவியின் தாய், என்னைவிட மூத்தவர், கையில் மடித்த குடையுடன்.

"எல்லாம் றெடி அன்ரி. சீல் ஒண்டு குத்தினாச் சரி."

"ஆர் கையெழுத்து வைச்சது?"

"மாமிதான். நேற்று வீட்டில."

"அப்ப சத்தியமும் நேற்றே செய்தவவோ? ஆருக்கு முன்னால? ஃபிரிட்ஜுக்கு முன்னாலயோ?"

அவர் மரியாதைக்குச் சிரித்தார். நான் அந்த அம்மாவிடம் ஆங்கிலம் வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. காணி அலுவல் எண்டு மருமகன் சொன்னவர்."

"அப்ப நான் தமிழில சொல்லுறன். விளங்கினாத்தான் நீங்கள் சத்தியம் செய்யலாம்."

"அது தேவையில்லை அன்ரி," என்றார் மருமகன், கொஞ்சம் அவசரமாக. அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடங்கள் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலாம் பந்தியில் அவருடைய பெயரும் விலாசமும். இரண்டாவதில் காலஞ்சென்ற கணவரின் காணி. மூன்றாவதைச் சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்தேன். "போரின் இறுதி நாட்களில் என் மகன் இறந்துவிட்டார் என்பதை நான் அறிவேன், நம்புகிறேன். ஆதலால் அவருக்கு மரணச் சான்றிதழ் வழங்குமாறு கோருகிறேன்."

"திருப்பிச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன்.

"ஆர் சொன்னது அவன் செத்தவன் எண்டு?"

"நீங்கள்தான் சொல்லுறியள் அம்மா. கீழ உங்கட கையெழுத்து."

அவர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மருமகன் மேசையைப் பார்த்தார்.

"மாமி, அது பேப்பருக்குத்தான். மகன்ர பங்கு இருக்கிற வரைக்கும் காணியை ஒண்டும் செய்யேலாது. இப்பிடி எழுதினாக் கெதியா முடியும் எண்டு லோயர் சொன்னவர். எத்தினை வருசம் அலையிறது?" பிறகு என்னிடம், "அன்ரி, உங்கட வேலை சீல் குத்துறது."

அவர் கெட்டவர் இல்லை. களைத்தவர். களைத்தவர்களை நம்பித்தான் அந்தப் பந்தியை யாரோ எழுதியிருந்தார்கள்.

'பேப்பருக்குத்தான்' என்ற அந்தச் சமாதானத்தை நானும் சொன்னவள்தான். போர் முடிந்ததும் சட்டத்துக்குப் புது வர்ணம் பூசினார்கள். என்னையும் இரண்டு பயிற்சிப் பட்டறைகளுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைப் பலகையில் 'மக்களின் நம்பிக்கையை மீட்டெடுத்தல்', மதியம் பிரியாணி. மறுநாள் என் நீதிமன்றக் கந்தோருக்கு வெளியே, பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடும் பெண்கள் அதே வரிசையில் நின்றார்கள். ஆட்கொணர்வு மனுக்களுக்குத் தவணைக்கு மேல் தவணை எழுதிய கையாலேயே, மரணச் சான்றிதழுக்கான படிவங்களையும் எடுத்துக் கொடுத்தேன். "எடுங்கோ, வெறும் பேப்பர்தானே, பிள்ளையளின்ர அலுவலாவது நடக்கும்." ஒரு பெண் கேட்டாள்: "இதில கையெழுத்து வைச்சா நான்தானே அவரைக் கொன்ற மாதிரி?" படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை என்று பதில் சொன்னேன். நல்ல பதில் என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு.

பேனாவை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினேன். "நேற்று வைச்ச கையெழுத்து செல்லாது. திருப்பி வைக்க வேணும். அதுக்கு முன்னால நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான். இதில இருக்கிறதெல்லாம் உண்மை எண்டு சத்தியம் செய்யிறியளோ?"

"இல்லை."

"அப்ப நான் சீல் குத்தேலாது."

"மாமி," என்றார் மருமகன்.

"நீர் பேசாமல் இரும். நேற்றுச் சோத்துக்கு முன்னால ஆறு பேப்பரில வைச்சனான். ஒண்டையாவது வாசிச்சுக் காட்டினனீரோ?"

ஜே.பி. சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. எனக்கு அந்த விதி மனப்பாடம். ஆகவே கொப்பியை மூடி, பலகையைக் கவிழ்த்து வைத்து, எழுந்து மேசைக்கு மறுபக்கம் போய் அவருக்கு அருகில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். "இப்ப நான் சும்மா ஒரு மனிசி. அங்க இப்ப புதுச் சட்டம் ஒண்டு இருக்கு. செத்தவர் எண்டு சொல்லாமல், காணாமல் போனவர் எண்டு சான்றிதழ் எடுக்கலாம். காணியைப் பாக்கிற உரிமை கேட்டு அதோட கோட்டுக்குப் போகலாம். நாள் எடுக்கும். வேற லோயரைக் கேளுங்கோ."

"காணாமல் போனவனோ?" என்றார் அவர். "சந்தையிலயோ காணாமல் போனவன்? அந்தப் பேப்பரையும் அவனைக் கொண்டுபோனவங்கள்தானே தாறாங்கள்?"

திருத்திய சட்டத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் அது. பட்டறையில் யாரும் இதைப் பலகையில் எழுதவில்லை.

"அப்ப நீங்கள் என்ன சொல்ல விரும்புறியள்?"

"நடந்ததை."

மேசையில் வாக்குமூலம் எழுதுவதற்கான வெற்றுப் பிரகடனப் படிவங்கள் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்தேன். சாட்சி நான், ஆகவே நான் எழுதக்கூடாது. படிவத்தை மருமகனுக்கு முன்னால் வைத்தேன். "நீங்கள் எழுதுங்கோ. மாமி சொல்லச் சொல்ல."

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தார்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். எந்த நாள், எந்தக் கம்பி வேலி, மகன் போட்டிருந்த சேர்ட், படையினர் ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸின் நிறம். ஓரிடத்தில் மருமகன் நிறுத்தினார். "சரணடைஞ்சவர் எண்டு போடட்டோ மாமி?"

"அவன் சரணடையேல்லை. விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவங்கள். நான் கையைப் பிடிச்சுக் குடுத்தனான். அப்பிடிப் போடும்."

அவர் அப்படியே போட்டார். அதற்குப் பிறகு அவருடைய எழுத்து சிறிதாகிவிட்டது. கடைசி வசனம்: "என் மகனை யாரிடம் கொடுத்தேனோ அவர்களே அவன் எங்கே என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்வரை அவன் இறந்தான் என்று நான் எழுதமாட்டேன்."

என் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பலகையை நிமிர்த்தினேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். உண்மைதானா என்று கேட்டேன்.

"ஓம்." கையெழுத்தைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். கீழே சாட்சியாக நான் வைத்தேன்.

எந்த அலுவலகமும் இதைக் கேட்கவில்லை. எந்தக் கோப்பிலும் இதற்கு இடம் இல்லை. காணி அலுவலுக்கு இது ஒரு அடிகூட உதவாது என்று மருமகனுக்கும் தெரியும். ஆனாலும் நூலகத்தின் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு அவர்தான் போனார்.

"எத்தினை கொப்பி மாமி?"

"மூண்டு. ஒண்டு அவங்களுக்கு அனுப்ப. ஒண்டு எனக்கு."

"மற்றது?"

"அவன் வந்தாக் குடுக்க. நான் சும்மா இருந்தனான் எண்டு நினைக்கக்கூடாது."

பழைய சத்தியக் கடதாசியை மருமகன் மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அந்த அம்மா கையை நீட்டி வாங்கி, ஆறு பக்கங்களிலும் தன் பெயரை வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிரதிகள் மூன்றிலும் சீல் குத்தினேன். மூன்றாவதில் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன். விதிகளில் அதற்குத் தடை இல்லை.