டெல்பர்ட்டின் கைத்துப்பாக்கி

அர்மிண்டா அக்கா எங்கள் சபையின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இருபத்தாறு வருஷமாக ரொட்டி சுடுகிறவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் டெல்பர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சில் தூசி அடைத்து, போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அக்காவுக்கு அவர் விட்டுப்போனது ஒரு வீடு, பதினோரு கோழிகள், ஒரு கைத்துப்பாக்கி.

கென்டக்கி மலையில் எங்களுக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பது அடுப்பு இருப்பதுபோல. அதுவும் அக்காவின் வீடு ஓடைக்கரையில் கடைசி வீடு. கரடி வந்து கோழிக்கூண்டைப் பிய்த்தால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. அதனால் அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை, மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு வரைக்கும்.

அன்று மகன் கார்லிஸ் சாப்பிட வந்திருந்தான். சுரங்கத்தை மூடிய பிறகு அவனுக்கு நிலையான வேலை இல்லை. மனைவியும் பிரிந்து போயிருந்தாள். தட்டிலிருந்த பீன்ஸைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்:

"அப்பா குடுத்துவெச்சவரும்மா. அவரு பக்கத்துலயே எனக்கும் ஒரு குழி வெட்டியிருக்கலாம்."

கொஞ்சநேரம் கழித்து, "அப்பாவோட துப்பாக்கி எங்க இருக்கு? எனக்குத்தானே வரணும்?" என்றான்.

"பத்திரமா இருக்கு. சோள ரொட்டி ஆறிப்போகுது, சாப்பிடு" என்றார் அக்கா.

திங்கள் முழுவதும் முழங்காலில் நின்று ஜெபித்தார். செவ்வாய்க்கிழமை காலை என் வண்டியில் வந்து ஏறினார். மடியில் டெல்பர்ட்டின் பழைய சட்டையில் சுற்றிய பொட்டலம்.

"அவன் கேட்ட குரல் சரியில்ல, தங்கச்சி. இது வீட்டுல இருக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லிராதே."

தபால் நிலையத்து வாசலில் டெல்பர்ட்டின் தம்பி வர்ஜில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன மதினி, எங்க அண்ணன் துப்பாக்கிய வித்துக் கோழித்தீவனம் வாங்கப் போறீங்களா?"

"ஆமா. கோழிங்கதான் கேள்வி கேக்காமத் திங்கும்."

ஓடிஸின் கடையில் தூண்டிலும் ஆணியும் துப்பாக்கியும் விற்பார்கள். ஒருவர் துப்பாக்கியை விற்க வந்தால் ஏன் என்று கேட்பது எங்களிடம் மரியாதையில்லை. ஓடிஸும் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அக்காவும் காரணம் சொல்லவில்லை. மகன் பெயர் ஊர் வாயில் அடிபடக் கூடாது என்று நினைத்தார். "வெளியூர்க்காரனுக்கு வித்துரு, ஓடிஸ்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபைச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். அக்காவுக்குப் போன் வந்தது. ஓடிஸ்தான். சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

"அக்கா, டெல்பர்ட் அண்ணன் சாமானக் கண்டவனுக்கு விக்க எனக்கு மனசு வரல. கார்லிஸுக்குப் போன் போட்டேன். ஒரு காசும் வேணாம், வந்து எடுத்துக்கப்பான்னுட்டேன். சந்தோஷந்தானே?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தகப்பன் துப்பாக்கி மகனுக்கு என்பதுதான் எங்கள் வழக்கம். அதை அந்நியனுக்கு விற்ற கடைக்காரனை ஊர் மதிக்காது.

"ஓடிஸ், நான் வர்ற வரைக்கும் குடுக்காதே."

"இந்தா, அவனே வந்துட்டான்க்கா" என்று போனை வைத்துவிட்டார்.

அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. வழியெல்லாம் அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நானும் இயேசப்பா, இயேசப்பா என்றபடியே ஓட்டினேன்.

கடைக்குள் நுழைந்தபோது மேசைமேல் சட்டை விரித்திருந்தது. அதன்மேல் துப்பாக்கி. கார்லிஸின் கை அதைத் தொடப்போனது. அக்கா நேராகப் போய் அந்தக் கையைப் பிடித்தார்.

"இத அவனுக்குக் குடுக்காதே, ஓடிஸ். எம் மவன் சாகணும்னு நெனைக்கிறான்."

தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். கார்லிஸ் முகம் சிவந்தது.

"அம்மா! எல்லாரும் இருக்காங்க..."

"இருக்கட்டும். செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டு வாய மூடினேன், இது சுத்தி வந்து உங்கிட்டயே நிக்குது. நான் சொல்றது பொய்யின்னா இப்பவே சொல்லு. காலுல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

அவன் சொல்லவில்லை.

ஓடிஸ் சட்டையின் ஓரத்தை மெதுவாக மடித்துத் துப்பாக்கியை மூடினார். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா." பிறகு அவனிடம், "நீ தேறி வாப்பா. அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"வேணாம்" என்றார் அக்கா. "வித்தது வித்ததுதான். அவரு ஞாபகத்துக்கு எனக்கு இவன் இருக்கான்."

கார்லிஸ் வெகுநேரம் அந்தப் பொட்டலத்தையே பார்த்தான். பிறகு ஒரு விரலால் அதை ஓடிஸ் பக்கம் தள்ளினான்.

"அம்மா சொன்னமாதிரி செஞ்சிருங்கண்ணே."

"எனக்குத் தூக்கமே இல்லம்மா" என்றான், வாசலில் வைத்து.

"தெரியும். இப்பவே டாக்டர்கிட்ட போறோம். உன் வண்டிச் சாவிய இவகிட்டக் குடு."

அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று பேரும் என் வண்டியில் நெருக்கி உட்கார்ந்தோம். அக்கா அவன் கையை விடவே இல்லை. அவன் சட்டைக் கையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.