வாசலில் விட்டுவந்த கைத்தடி

சிமெண்டுத் தரையில் கைத்தடி ஊன்றும் சத்தம். டக். சற்று இடைவெளி. மறுபடியும் டக். அக்காவின் கருமாதி நாளன்று ரிங்லெட்டில் எங்கள் வீட்டு வாசலில் கேட்ட அந்தச் சத்தம், ஓராண்டு கழிந்தும் என் காதை விட்டு இறங்கவில்லை. கோலா தெர்லாவிலிருந்து கோவிந்தன் ஐயாவும் அவர் மனைவி அஞ்சலை அம்மாவும் வந்திருந்தார்கள். செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் என் சித்தப்பா மகன் ஐயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “தடிய இங்கயே வச்சிட்டு வாங்கய்யா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றான்.

“இல்ல தம்பி. இந்த வீட்டுக்குள்ள நான் இதோடதான் வருவேன்.”

அக்காவின் படத்துக்கு முன்னால் தடியை ஊன்றியபடியே நெடுநேரம் நின்றார். அவர் யார், ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று உறவினர்கள் நீங்கள் பலரும் என்னிடம் கேட்டீர்கள். இந்த முதலாண்டு நினைவு நாளில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். விடியும் முன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. பனிக்குள் வரிசையாக நிற்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். இருமினால், கூனி நின்றால், அன்று வேலைக்குப் பெயர் கூப்பிட மாட்டார்கள். அதனால் காய்ச்சலிலும் அப்பா நிமிர்ந்துதான் நிற்பார். துரை வந்து நலம் கேட்டால் லயன் முழுவதற்கும் ஒரே பதில்: “நல்லா இருக்கேன் தொர.” பசியைப் போல, குளிரைப் போல அந்தப் பதிலும் எங்கள் உடம்போடு வளர்ந்தது.

அந்த லயனிலிருந்து அக்கா சட்டம் படிக்கப் போனார். அரசாங்க வேலைக்கு வந்தார். திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார்; அப்பா போன பிறகு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வேலை செய்ய முடியாதபடி உடம்பு கெட்டவர்கள் உதவித்தொகை கேட்டு, அது மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்தால், அதை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி அவர். கோயில் திருவிழாவில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். “நம்ம சனத்துக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யலாம்லா?”

“பாத்துத்தான் மாமா செய்றேன். அதான் எல்லாருக்கும் எம்மேல கோவம்” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

கோவிந்தன் ஐயா காய்கறித் தோட்டத்தில் லோரிக்குக் கூடை ஏற்றியவர். முதுகு போய்விட்டது. பிள்ளைகள் இல்லை; இருவர் வாழ்க்கையும் அந்த உதவித்தொகையை நம்பித்தான் இருந்தது. தானா ராத்தாவில் ஓர் அலுவலக மாடியில் விசாரணை. ஐயாவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்த முதுகு. விசாரணை மலாயில்தான் நடக்க வேண்டும். அக்கா வழக்கமான மரியாதைக்கு, “ஆப்பா காபார்?” என்று நலம் கேட்டார்.

“பாய்க், புவான்.” நலம், அம்மா.

வலி எப்படி என்று கேட்டதற்கும் சமாளித்துக்கொள்வதாகத்தான் சொன்னார். டாக்டரிடமும் முன்பு அதையே சொல்லியிருந்தார். அறிக்கையும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அக்கா குமாஸ்தாவிடம் “எழுதிக்கோங்க” என்பார். எழுத்தில் வராத வலிக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. மனுவைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது படிக்கட்டுப் பக்கம் பேச்சுக்குரல். அஞ்சலை அம்மா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கைத்தடியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள கல்யாண மாப்பிள்ள மாதிரி நின்னீங்களே, எங்க போச்சு அந்த முதுகு?”

“பெரிய ஆபிசரு முன்னால தடிய ஊனிக்கிட்டு நிக்கச் சொல்றியா? மரியாத தெரியாத ஆளாடி நானு?”

அவர் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி இறங்குவதை அக்கா மேலிருந்து பார்த்திருக்கிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை. பார்த்ததை வைத்து முடிவை மாற்றலாமே என்றேன். “நான் பாத்தது சாட்சிடா. சாட்சியே தீர்ப்பு எழுதக் கூடாது” என்றார். தீர்ப்பில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மறுநாளே தாம் விலகுவதாகவும், கண்டது இதுவென்றும், வேறு அதிகாரி புதிதாக விசாரிக்க வேண்டும் என்றும் மேலிடத்துக்கு எழுதினார். “உங்க ஆளுன்னு பாக்குறீங்களா?” என்று அங்கிருந்து கேள்வி வந்தது. பல ஆண்டுகள் கட்டிக்காத்த நற்பெயருக்குக் கிடைத்த கூலி அது. அதன் பிறகு அக்காவுக்குப் பதவி உயர்வு வரவில்லை.

மறுவிசாரணை வரைக்குமான நாட்கள் எங்கள் வீட்டில் மூடுபனி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்ட நாட்கள். அந்த மனிதர் மறுபடியும் தடியை வெளியே வைத்துவிட்டால்? நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குக் கிளம்பினேன். “தடியோட போங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்னக்கா?”

“போகாதடா. சொன்னா அது அவரு முதுகு இல்ல. நாம சொல்லிக் குடுத்த முதுகு.”

போகவில்லை. ஐயா மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டுத்தான் போயிருக்கிறார். தடியை மறுபடியும் வெளியில்தான் வைத்திருக்கிறார். மீதியை அஞ்சலை அம்மா பின்னர் சொன்னார்: “புதுசா விசாரிக்க வந்த மலாய்க்காரம்மா உள்ள உக்காரவே இல்ல தம்பி. நேரா வெளிய வந்து, இது யாரு தொங்காட்டுன்னு தடியக் காட்டிக் கேட்டாங்க. இவரு திருடிட்டு மாட்டுன மாதிரி தலையக் குனிஞ்சிட்டாரு. நான்தான், எங்களோடதுதான் புவான்னு சொன்னேன். முன்ன விசாரிச்ச அம்மா எழுதி வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டு, இவர நடக்கச் சொல்லிப் பாத்தாங்க.”

உதவித்தொகை கிடைத்தது. செய்தி கேட்டு நான் கைதட்டினேன். அக்காவின் முகம் இருண்டது.

“இவரு தடிய நான் பாத்துட்டேன். இதுக்கு முன்னால நல்லா இருக்கேன்னு சொன்னவங்கள எல்லாம் அப்படியே நம்பிட்டேனேடா. நான்! லயன்ல பொறந்தவ!”

அதற்குப் பிறகு விசாரணைக்கு வருபவர்களின் பெயர் கூப்பிட அவர் ஆள் அனுப்பியதில்லை. தாமே வெளியே வந்து, பெஞ்சிலிருந்து அவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்து, கூடவே நடந்து அழைத்துப் போவார். ஆனால் பழைய முகங்கள் அவரை விடவில்லை. தூக்கத்தில் யாரையோ உட்காரச் சொல்வார் என்று அம்மா சொல்வார்.

இவ்வளவும் அறிந்த அக்காதான் தம் வயிற்று வலியை மறைத்தார். டாக்டரிடம் போகும்போது நல்ல புடவை, பவுடர், பொட்டு. “பாய்க், டாக்டர்.” உண்மை தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. இப்போதும் கோபம் வருகிறது எனக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அக்கா மேலா, அந்தப் பெரட்டுக்களத்தின் மேலா?

அந்த மாதங்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அண்டை வீட்டுத் தாய்மார்கள், ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் மலைக்குமாகக் காரோட்டிய நண்பர்கள், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட தாதியர், விடுப்பெடுத்து வந்து பக்கத்தில் அமர்ந்த அலுவலகத் தோழியர், அந்த முதுகோடு மலையேறி வந்த கோவிந்தன் ஐயா, அஞ்சலை அம்மா: உங்கள் ஒவ்வொருவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. அம்மாவுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

கடைசி நாள் காலை டாக்டர் சுற்றி வந்தபோது அக்கா கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே பதில்தான். டாக்டர் போனதும், “வலிக்குதுன்னு சொல்லேன்க்கா” என்று கத்திவிட்டேன். “பழக்கம்டா” என்று சிரித்தார். அம்மாவை அழைத்துவர நான் எழுந்தேன். கதவருகே போனபோது கூப்பிட்டார். நிமிர்ந்திருந்த முதுகு மெல்லத் தலையணையில் சாய்ந்தது.

“தம்பி, ரொம்ப வலிக்குதுடா. எழுதிக்கோ.”