மூன்றாம் சரணம் வரை உடன் நடந்தவர்

காலைப் பசியாறுமுன் தொலைபேசி ஒலித்தது. சரசுதான். "அக்கா, அவரு போயிட்டாரு. பாட்டு ரூம்ல நாற்காலியிலேயே சாஞ்சிருந்தாரு. காப்பி கொண்டு போனேன், எழுந்திரிக்கல." அதே மூச்சில், "மெஷின்ல லைட்டு இன்னும் எரியுதுக்கா. என்ன செய்ய?"

"யாரும் தொடவேணாம் சரசு. நான் வர்றேன்."

சரசுவின் கணவர் திரு. பச்சையப்பன் அவர்களை அறியாதோருக்குச் சொல்கிறேன். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு பின்னறையில் ஒலிப்பதிவு மெஷின் வைத்து, நம் வட்டாரக் கோயில்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்தார். நான் எளிதில் யாரையும் புகழ்பவள் அல்ல. அவர் சொன்ன நேரத்துக்கு வேலையைத் தொடங்குவார், அறையில் தூசி இருக்காது. எனக்கு அது போதும்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர், மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், தாமே எழுதிய முருகன் பாட்டு ஒன்றை அங்கே பாடினார். மேளம் இல்லை, குரல் மட்டும். அவர் குரல் இருப்பது அந்த ஒரு பதிவில்தான். மெஷினில் நகலெடுக்கும் பகுதி பழுதாகியிருந்தது. கைப்பேசியில் பிடித்துப் பார்த்தோம். தகரத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டதால் அழிக்கச் சொன்னேன்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அதற்கு மேளம் சேர்க்க விரும்பினேன். மெஷினிலேயே மேளம் உண்டு. முதலில் பச்சையப்பன் அதற்கு ஒரே வேகம் கொடுத்தார். முதல் சரணம் முடிவதற்குள் மேளம் முன்னே ஓடிவிட்டது.

"என் வீட்டுக்காரர் தாளம் தப்புறவர் இல்ல."

"அவரு தப்பலக்கா. மெஷினு ஒரே ஸ்பீடுல போவுது. ஐயா உருக்கமான எடத்துல நின்னு நின்னு போறாரு. நாமதான் மேளத்த அவரு கூட நடக்க விடணும்லா."

"குரலைச் சரிபண்ண முடியாதா?"

"இழுக்கலாம். இழுத்தா ஐயா கொட்டாவி விடுற மாதிரி இருக்கும். அப்புறம் என்னைத்தான் ஏசுவீங்க."

ஆங்கிலக் கையேட்டை நான் வாசித்துச் சொல்ல, அவர் வழியைக் கண்டுபிடித்தார். பாட்டு ஓடும்போது, ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் ஒரு பொத்தானைத் தட்டவேண்டும். தட்டுகளின் இடைவெளியைப் பார்த்து மெஷின் அந்தந்த இடத்தில் மேளத்தின் வேகத்தை மாற்றிக்கொள்ளும். குரல் இம்மியும் நகராது.

கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. முறைப்படி அணைக்காமல் மின்சாரம் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழியலாம். அதைக் கேட்ட நாள் முதல் இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "கடல் பக்கம் கறுத்திருச்சுக்கா, நிறுத்திருவோம்" என்பார். திரை இருளும்வரை இருவரும் மூச்சு விடமாட்டோம். மாலையில் இடி வருவதால், பிறகு விடிந்ததும் தனியே உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

சரசு அழைத்த அன்று காலையிலேயே வானம் கறுத்திருந்தது. காரை விரட்டினேன். அவசரம் இறந்தவருக்காகவா, அந்தக் குரலுக்காகவா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கூடத்தில் அவரைக் கிடத்த ஐஸ் பெட்டி வந்திருந்தது. பின்னறைக்கு மின்சாரம் போவதும் கூடத்துப் பிளக்கிலிருந்துதான். சரசுவின் தம்பியின் கை அந்த வயரின்மேல் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் பொறு."

"அத்தான் இப்படிக் கெடக்குறாரு. ஒங்களுக்கு அந்தப் பொட்டிதான் பெருசா?"

"விடுடா," என்றார் சரசு. "அவரு அதுக்குத்தான் ஒக்காந்திருந்தாரு."

பின்னறைக்குள் போய் மெஷினை நிறுத்தினேன். பாட்டைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். வெளியே இடித்தது. விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது. திரை இருண்டதும் கூடத்துக்கு வந்து நானே வயரைப் பிடுங்கினேன். அதே பிளக்கில் ஐஸ் பெட்டியைச் செருகினார்கள். அது உறுமத் தொடங்கிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

கருமக்கிரியை முடிந்து, சரசுவும் நானும் மெஷினைப் போட்டோம். என் கணவர் பாடினார். அவர் நின்ற இடத்தில் மேளமும் நின்று, அவரோடு நடந்தது. மூன்றாம் சரணத்தின் நடுவில் பச்சையப்பன் கடைசியாகத் தட்டிய இடம் வந்தது. அதன்பின் மேளம் ஒரே வேகத்தில் தன்பாட்டுக்குப் போனது.

"மிச்சத்த நீங்க தட்டுங்கக்கா. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

பொத்தானில் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுத்துவிட்டேன். அவர் கடைசியாகத் தட்டிய இடத்துக்குப் பின் மேளமே வராதபடி அணைத்தேன்.

திருவிழாவுக்கு மெஷினையே கொண்டுபோய் ஒலிபெருக்கியோடு இணைப்போம்; பாட்டு அப்படியே ஒலிக்கும், பச்சையப்பன் அவர்களே. மேளம் நிற்கும்போது கூட்டம் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்க்கும். பழுது என்பார்கள். நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. அங்கிருந்து என் கணவர் தனியாகப் பாடி முடிப்பார். நீங்கள் போய் வாருங்கள்.