‘எது வந்தது?’ என்று கேட்ட கிராணி ஐயா

நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி ஐயா கெர்லிங்கில் மகள் வீட்டில் காலமானார் என்ற செய்தியை முனியம்மாதான் கொண்டுவந்தாள். “தூக்கத்துலயே போயிட்டாராம்க்கா. நோவு இல்லையாம்.” அவர் படுக்கையில் விழுந்த ஆறு மாதமாக முருகனிடம் அவருக்காக நான் கேட்டுவந்ததும் அதைத்தான். அழுகைக்கு முன்னால் நிம்மதி வந்தது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கண்ணால் பார்க்காமல் விடமாட்டார். திருவிழா நோட்டீசை தொழிலாளர் லயத்துச் சுவரில் ஒட்டியாயிற்று என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். “ஒட்டினது சரி. எதை ஒட்டினனீர்?” என்று ஐயா நடந்தே போய்ப் பார்த்தார். போன வருடத்து நோட்டீஸ்!

“ரெண்டும் மஞ்ச காயிதம்தானே ஐயா, ஒண்ணுதான்லா.”

“அப்ப போன வருசச் சாமியே வரட்டும் எண்டு சொல்லுறீரோ?”

பழைய லயத்துக்குப் பதில் புது வீடு கொடுக்க நிர்வாகம் முடிவு செய்தபோது, பட்டியல் போட்டவர் ஐயா. புருஷன் இறந்ததும் முனியம்மாவின் பெயர் ஆபீஸ் பதிவிலிருந்து விழுந்துபோயிருந்தது. கோயிலுக்காக வீடு வீடாகக் கேட்டு நான் எழுதிய நோட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் எழுத்து என்று பார்க்காமல், அதை நம்பி, பட்டியல் அனுப்பும் நாள் காலையில் பெயரைச் சேர்த்தார்.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஐயாவின் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கும் பட்டியலை, உள்ளறையில் டைப்பிஸ்ட் கமலா ஒயர் வழியாக எடுத்து டிஸ்க்கில் நகல் செய்வாள். பன்னிரண்டு மணிக்குக் கார் அதைத் தலைமை ஆபீசுக்குக் கொண்டுபோகும்.

“காப்பி ஆயிடுச்சு ஐயா.”

“ஆனது சரி. எது வந்தது?”

அச்சடித்துப் பார்த்தால் முனியம்மா பெயர் இல்லை. மறுபடி எடுத்தாள், இல்லை. ஐயாவின் திரையிலோ இருக்கிறது. வாசலில் நின்ற முனியம்மா, “எனக்கு மட்டும் வீடு இல்லையாக்கா?” என்றாள். நோட்டோடு வந்திருந்த நான் அதில் அவள் பெயரை மறுபடி தேடினேன்.

“உங்கட நோட்டில பிழையில்லை, தங்கச்சி” என்ற ஐயா, பட்டியலின் தலையில் திருநீறு போல மூன்று கோடு போட்டுச் சேமித்தார். கமலா மறுபடி எடுத்தாள். கோடு வரவில்லை. ஐயா சிரித்துவிட்டார்.

“பிள்ளை, காலமை இந்தப் பட்டியலைத் திறந்து பாத்தனீரோ?”

“ஆமா ஐயா, ஒருவாட்டி.”

“அதுதான். உம்மட பெட்டி என்ர பெட்டியைக் கேக்கவே இல்லை. நான் பேர் சேர்க்க முந்தி நீர் பாத்ததை வச்சுக்கொண்டு அதையே தருது.”

கமலாவின் பெட்டியில் இணைப்பை விடுவித்து, மறுபடி இணைத்து, புதிதாக எடுக்கச் சொன்னார். மூன்று கோடு வந்தது. அடியில் முனியம்மா. அதோடும் விடவில்லை. கமலாவைக் கடைசிப் பெயர்வரை வாசிக்கச் சொல்லி, நோட்டில் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். கார் ஹாரன் அடித்தது. கோட்டை அழிக்கவா என்றாள் கமலா. “அழிச்சால் திரும்ப முதல்ல இருந்து பாக்கோணும். இருக்கட்டும்.” பட்டியல் திருநீற்றோடுதான் போனது.

அப்படிக் கிடைத்த வீட்டிலிருந்துதான் முனியம்மா இன்று செய்தியோடு வந்தாள்.

எழுதியதை மூடிவிட்டு, மறுபடி திறந்து வாசிக்கும் பழக்கம் எனக்கு அவர் விட்டுப்போனது. மோட்ச விளக்குக்காக அவர் பெயரைக் கோயில் நோட்டில் எழுதினேன். மூடினேன். திறந்தேன். இந்த ஒரு தடவை பழைய பக்கமே வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இல்லை, எழுதியதுதான் இருந்தது. பிழையில்லை, ஐயா.