ஏழு மீட்டர் இருபது

கணக்கு டீச்சரின் வீட்டில் வேறு யாருக்கும் பயம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. அப்பா லாரி ஓட்டியவர். எதிரே எது வந்தாலும் லேசில் ஒதுங்க மாட்டார். அம்மா, வீட்டுக்குள் நுழைந்த பாம்பை விளக்குமாற்றால் தள்ளி வெளியே விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாத்திரம் கழுவியவள். அண்ணன் அப்பாவின் அச்சு. சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊரை ஒரு கை பார்க்கிற ஆட்கள்தான். அத்தனை பேருக்கும் சேர வேண்டிய பயத்தைக் கடைக்குட்டி இவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரைக்கும் போவாள். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் சரியான பஸ்தானா என்று கண்டக்டரிடம் கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பாள்.

அவள் கணக்கு எடுத்துப் படித்ததும் பயத்தால்தான். கணக்குப் புத்தகத்தில் விடையைக் கடைசிப் பக்கங்களில் போட்டிருப்பார்கள். செய்து முடித்துவிட்டு அங்கே புரட்டிப் பார்த்தால் மனசு அடங்கிவிடும். வேறு எந்தப் பாடத்தில் அந்த நிம்மதி கிடைக்கும்? ஆனால் டீச்சரான பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இப்போது வகுப்பு முழுக்க அவள் முகத்தைத்தான் கடைசிப் பக்கம் மாதிரி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு அடி விழுந்தது. ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். அந்த ஞாபகத்திலேயே, ஒரு சதுர மீட்டருக்கு நூறு சதுர சென்டிமீட்டர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டாள். பத்தாயிரம் என்று எழுதியிருக்க வேண்டும். நீளத்துக்கு நூறு, அகலத்துக்கு நூறு என்று கட்டம் போட்டுப் பார்த்திருந்தால் கண்ணிலேயே தெரிந்திருக்கும். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பே பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் ஒரு பெண்ணின் அப்பா, கட்டடக் கான்டிராக்டர், தலைமையாசிரியர் அறைக்கு வந்து, "இந்தக் கணக்குப்படி பாத்தா என் வீட்டுக் கூடத்துல ஒரு பாயைக்கூட விரிக்க முடியாதே சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்தது இவள் காதில் வருஷக்கணக்கில் கேட்டது. அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் அவளுக்கு இடமில்லை. அதற்குப் பிறகு இங்கே ஒரு வருஷம், அங்கே ஒரு வருஷம் என்று, போன இடத்திலெல்லாம் தற்காலிக டீச்சர்தான்.

கடைசியாக வந்து சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒரு நிரந்தர இடம் காலியானது. தலைமையாசிரியை நல்ல மாதிரி. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"டீச்சர், வியாழக்கிழமை ஆய்வாளர் வரார். எட்டாம் வகுப்புல உங்க பாடத்தை உக்காந்து பாப்பார். அவர் எழுதறதை வச்சுத்தான் நிரந்தரம் ஆகறதும் ஆகாததும். அளவியல் எடுங்க. பிள்ளைங்க கையால ஏதாவது செய்யற மாதிரி இருக்கட்டும். அவருக்கு அதான் பிடிக்கும்."

"சரி மேடம்."

"பயப்படாதீங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டீச்சருக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. இது தவறினால் இனி எந்தப் பள்ளியிலும் நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுச் சமையலறையில் அளவு டேப்பை விரித்துவிட்டாள். அவள் குடியிருந்தது அண்ணன் அண்ணியோடுதான். அண்ணி தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் காலைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"டேப் போகணும்."

"சமையக்கட்டை அளந்து எங்கடி தூக்கிட்டுப் போகப்போற?"

"ஒரு ரூமை அளக்கறதுக்குப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு பாக்கறேன்."

"நீ அளக்கற நேரத்துக்கு அதுங்க பத்தாவதே பாஸ் பண்ணிரும்." அண்ணி காலைத் தூக்கிக்கொண்டாள். "உங்க அண்ணன் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு குனிஞ்சு நிமிர்ந்து பாக்கல."

டீச்சர் சிரிக்கவில்லை. மூலையில் மாவு டப்பா இருந்ததால் டேப்பின் முனை சுவரில் ஒட்டவில்லை. டப்பாவை நகர்த்தி மறுபடி அளந்தாள். முதலில் வந்தது ஒன்று, இப்போது வந்தது வேறொன்று.

பாடக்குறிப்பை அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். பிள்ளைகள் ஐந்து குழுவாகப் பிரிந்து வகுப்பறையின் நீளத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். சுற்றளவு, பரப்பு இரண்டும் கண்டுபிடிக்க வேண்டும். பரப்பைச் சதுர மீட்டரில் எழுதிச் சதுர சென்டிமீட்டருக்கு மாற்ற வேண்டும். தன்னைக் கவிழ்த்த அந்த இடத்தை அவள் வேண்டுமென்றே சேர்த்திருந்தாள். அதுவரைக்கும் அவளுக்குத் தைரியம் இருந்தது. ஆனால் சமையலறையிலேயே இரண்டு தடவைக்கு இரண்டு அளவு வருகிறது. ஐந்து குழுவுக்கு ஐந்து அளவு வந்தால் எதைச் சரி என்பது? ஆய்வாளர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றால்?

ஆசிரியர்கள் அறையில் அறிவியல் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் அவள். "முந்தின நாளே பாடத்தை ஒருதடவை நடத்திருங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு ஒத்திகை இல்லாம யார் போறா? போன தடவை என் பிள்ளைங்க நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிட்டாங்க. அவர் அசந்துட்டார்."

புதன்கிழமை டீச்சர் ஒத்திகை பார்த்தாள். முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எட்டாம் வகுப்பு அறையைத் தானே நாலைந்து தடவை அளந்து வைத்திருந்ததால், பிள்ளைகள் அளந்து முடித்ததும் கரும்பலகையில் எழுதினாள். நீளம் ஏழு மீட்டர் இருபது சென்டிமீட்டர். அகலம் ஆறு மீட்டர். பரப்பு நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு சதுர மீட்டர். சதுர சென்டிமீட்டரில் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். பிள்ளைகள் இரண்டு முறை சேர்ந்து சொன்னார்கள்.

"நாளைக்கும் இதே மாதிரி செய்யணும். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றது வகுப்பு. அவர்களுக்கு அவளைப் பிடிக்கும். எழுதிய எண்ணை அவள் மூன்று தடவை சரிபார்த்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அன்று ராத்திரி அடைமழை. காலையில் டீச்சர் பள்ளிக்குள் நுழையும்போதே தலைமையாசிரியை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வகுப்புல தண்ணி ஒழுகுது டீச்சர். தரையெல்லாம் குளம். மாடியில ஓவிய அறைக்குப் போயிருங்க. சார் வந்துட்டார், காபி குடிச்சிட்டிருக்கார்."

டீச்சருக்கு ஆயிரம் கவலை. மாடியில் சாக்பீஸ் இருக்குமா, கரும்பலகை துடைத்திருக்குமா, டேப் ஐந்தும் கைக்கு வந்ததா, ஆய்வாளர் உட்கார நாற்காலி உண்டா என்று ஒவ்வொன்றுக்காகவும் படியேறி இறங்கினாள். ஆடும் நாற்காலியின் காலுக்கு அட்டை மடித்துக்கூட வைத்தாள். அவள் பயப்படாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை. பாடம் ஆரம்பித்தது. பிள்ளைகள் ஐந்து குழுவாகப் பிரிந்து டேப்பை விரித்தார்கள். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கொண்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டீச்சர் முதல் குழுவின் தாளை எட்டிப் பார்த்தாள். நீளம் ஏழு மீட்டர் இருபது சென்டிமீட்டர்.

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஓவிய அறை நீளமான அறை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குரல் கொடுக்க வேண்டும். டேப்பின் முனையைப் பிடித்த பெண் அறையின் நடுவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சுவர் அவளுக்கு இன்னும் எட்டியே இருந்தது. டீச்சர் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அந்தப் பெண், கவலைப்படாதீங்க என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினாள். இரண்டாவது குழுவும் ஏழு இருபது. மூன்றாவதும் அதுவே. நாலாவது குழு டேப்பை விரிக்கவே இல்லை, நேரே பரப்புக்குப் போய்விட்டது. நேற்றைய அறையின் அளவை, ஒரு சென்டிமீட்டர் பிசகாமல், இன்று இந்த அறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எல்லாம் அவளுக்காகத்தான்.

டீச்சர் பின்வரிசையைப் பார்த்தாள். தலைமையாசிரியை சந்தோஷமாகத் தலையசைத்தார். ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் கவனித்தாரா, இல்லையா? இந்த அறையின் நீளம் அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும், மணி அடிக்கும், வேலை நிரந்தரமாகும். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

கான்டிராக்டர் சிரித்த சிரிப்பு காதில் வந்தது. அன்றைக்காவது அவளுக்குத் தெரியாமல் நடந்தது. இன்றைக்குத் தெரிந்தே வகுப்பு முழுக்கத் தப்பை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறது.

"எல்லாரும் டேப்பைக் கீழ வைங்க" என்றாள். "நீங்க எழுதினது நேத்து நம்ம ரூமோட அளவு. நேத்தே இந்தப் பாடத்தை நான் ஒருதடவை நடத்திட்டேன். அது என் தப்பு."

தலைமையாசிரியையின் தலையசைப்பு நின்றது. ஆய்வாளர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். டீச்சர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"டேப் வேண்டாம். கண்ணால பாத்துச் சொல்லுங்க. இந்த ரூமும் நம்ம ரூமும் ஒரே நீளமா?"

பிள்ளைகளுக்கு ஒத்திகையில் இல்லாத கேள்வி. அப்புறம் நெட்டை என்று வகுப்பே கூப்பிடுகிற பெண்ணின் பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழுந்தாள்.

"டீச்சர், நெட்டையைப் படுக்க வச்சா நம்ம ரூமுக்கு நாலரை நெட்டைதான் வரும்."

"இங்க?"

"இங்க ஆறு நெட்டையாவது வேணும் டீச்சர்."

"உன்னைப் படுக்க வச்சா பன்னெண்டு வேணும், குட்டை" என்றாள் நெட்டை. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நெட்டை உயரம் எவ்வளவு?"

"நூத்தி அறுபது சென்டிமீட்டர் டீச்சர். விளையாட்டு சார் அளந்தார்."

"அப்ப ஆறு நெட்டைக்கு?"

ஒன்பதரை மீட்டர் என்றார்கள் சிலர், பத்துக்குப் பக்கம் என்றார்கள் சிலர். "அப்ப ஏழு இருபதுன்னு ஒருத்தர் வந்து சொன்னா நம்பலாமா?" என்று கேட்டாள். நம்பக் கூடாது என்று வகுப்பு சொன்னது. தானே எழுதிய தாளை அடிப்பதற்கு அது சந்தோஷமாக ஓடியது.

பிறகு நிஜமாகவே அளந்தார்கள். அவள் பயந்தபடியே ஆனது. பத்து மீட்டர் பத்து, பத்து மீட்டர் பதினாறு, ஒன்பது தொண்ணூற்றெட்டு, பத்து முப்பது. ஒரு குழுவுக்குப் பதினொன்று. டேப்பின் முனை கிழிந்து பூஜ்யமே இல்லாமல் போனதை ஒருத்தி கண்டுபிடித்தாள். டேப் வளைந்து கிடந்ததை இன்னொருத்தி காட்டினாள். பதினொன்று வந்த குழு, இரண்டாவது தடவை வைக்கும்போது தள்ளி வைத்துவிட்டதாக ஒத்துக்கொண்டது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பரப்புக்கு வரவேயில்லை. சதுர சென்டிமீட்டர் எங்கேயோ இருந்தது. கரும்பலகையில் ஐந்து எண், இதுதான் விடை என்று ஒன்றுக்கும் கீழே கோடு இல்லை.

பிள்ளைகள் போன பிறகு ஆய்வாளர் முன்னால் வந்தார்.

"பாடக்குறிப்புல பாதிகூட முடியல."

"ஆமா சார்."

"சரி, இந்த ரூமோட நீளம் எவ்வளவு?"

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தாள். புரட்டிப் பார்க்கக் கடைசிப் பக்கம் எதுவும் இல்லை. "தெரியல சார். பத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். நாளைக்குத் திரும்ப அளக்கறோம்."

"அப்ப நாளைக்கும் வரேன்" என்றார் அவர். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. "வேலை போயிருச்சுன்னு நினைக்கறேன் அண்ணி" என்றாள்.

"அவரு சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன நீயா ஏன் அவருக்கு வேலை மிச்சம் பண்ற?" என்றாள் அண்ணி. தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

மறுநாள் அவள் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. மாடியில் ஐந்து குழுவும் ஒவ்வொன்றாக, மற்ற நாலு குழு பார்த்துக்கொண்டிருக்க, அளந்தது. டேப் ஐந்து மீட்டர்தான் என்பதால் மூன்றை முனையோடு முனை சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் ஆள் குறைந்தது. பின்வரிசையிலிருந்து ஆய்வாளரே எழுந்து வந்து சுவரோரம் உட்கார்ந்து முனையைப் பிடித்தார். டீச்சர் நடுவில் குனிந்து பார்த்தாள்.

"சார், தொய்யுது. இழுத்துப் பிடிங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆய்வாளர் இழுத்துப் பிடித்தார்.

"இப்ப?"

"இப்ப சரி. சுவரை விட்டுராதீங்க."

பத்து மீட்டர் பதினாலு. அடுத்து அளந்த குழுவுக்குப் பத்து பதிமூன்று. அந்த ஒரு சென்டிமீட்டரை என்ன செய்வது என்றுதான் அன்றைய பாதிப் பாடம் போனது. மிச்சப் பாதியில் பரப்புக்கு வந்தார்கள். நூறு தடவை நூறு எத்தனை என்று கட்டம் போட்டே பார்த்தார்கள்.

உத்தரவு விடுமுறைக்கு முன்னால் வந்தது. ஆய்வாளரின் அறிக்கையில், குறித்த நேரத்தில் பாடத்தை முடிக்கவில்லை என்று குறை எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நிரந்தரமாக நியமிக்கலாம் என்று இருந்தது. டீச்சர் அதைப் படித்தாள். உறைக்குள் வைத்தாள். எடுத்து மறுபடி படித்தாள். அப்புறம் அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

"நிரந்தரம்னுதான் போட்டிருக்கு" என்றாள் அண்ணி. "இனி பயப்படறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. என்ன செய்யப்போற?"

"அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பும் எனக்குத்தானாம் அண்ணி. அதுல கன அளவு வருது."

அண்ணி பெருமூச்சு விட்டாள். பானையில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து, வெறும் பானையை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு முதல்ல கண்ணால பாத்துச் சொல்லு" என்றாள்.